பச்சைத்தண்ணி சொன்ன பதில்

எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது. பச்சைத்தண்ணி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வயதில் சின்னவர்கள் நாங்கள் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’வை ஒட்டிக்கொள்வோம். அந்தப் பெயர் திட்டி வந்ததில்லை, புகழ்ந்து வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் என்னை அவர் நாற்காலிக்குப் பின்னால் நிறுத்தி, “கேள்வின்னா பச்சைத்தண்ணி மாதிரி இருக்கணும். உப்பும் இருக்கக் கூடாது, புளிப்பும் இருக்கக் கூடாது. இந்தம்மா கேக்கறதக் கேட்டுக் கத்துக்கோ” என்றார். நான் கேட்டேன், கற்றுக்கொள்ளவில்லை. என் வாய்க்கு அது வராது. அதனால்தான் அக்கா எனக்கு வாயாடி என்று பெயர் வைத்தார்.

எங்கள் வேலை ஊராருக்குப் போன் போட்டு அபிப்பிராயம் கேட்பது. சோப்புப் பிடிக்கிறதா, பஸ் நேரத்துக்கு வருகிறதா, ஆட்சி எப்படி இருக்கிறது, எல்லாம் ஒரே மாதிரிதான். போன் நம்பரை மெஷினே சுழற்றும். எதிரில் ஆள் எடுத்ததும் திரையில் கேள்வி வரும். அதை எழுத்து மாறாமல் படிக்க வேண்டும். “அப்படியா” என்று சொல்லக் கூடாது, “ஐயோ பாவம்” சொல்லக் கூடாது, சிரிக்கக் கூடாது. எதிராளி திருப்பிக் கேள்வி கேட்டால் “கேள்வியை மறுபடி படிக்கிறேன்” என்பதைத் தவிர வேறு வார்த்தை வாயில் வரக் கூடாது. எல்லாம் பதிவாகிறது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சூப்பர்வைசர் எவருடைய லைனில் வேண்டுமானாலும் காதை நுழைப்பார்.

ஜன்னலோரம் ஏசி நேராக மூஞ்சியில் அடிக்கும் இடம் அக்காவுடையது. யாருக்கும் பிடிக்காத இடம் என்பதால் அவருக்குப் போனது. போர்த்திக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டர், தொண்டைக்கு ஃபிளாஸ்கில் வெந்நீர். ஹெட்போனின் காதுப் பஞ்சை மட்டும் தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வருவார். “ஊர் உலகத்துக் காதெல்லாம் வெச்சது, எனக்கு எதுக்குடி” என்பார். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே பையன், பட்டாளத்தில் இருந்தான், எல்லையில். மகனைப் பற்றி அக்கா அதிகம் பேசமாட்டார். ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது போனை மேஜை மேல் நிமிர்த்தி வைத்துக்கொள்வார். அந்த நேரத்தில்தான் அவன் பேசுவான்.

தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆளும் கட்சி ஆட்டம் கண்டிருந்தது. எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். விலைவாசியைப் பற்றி ஒரு கேள்வியைப் படித்தால் போதும், எதிர்முனையில் இருப்பவர் கொட்டித் தீர்த்துவிடுவார். அந்தச் சமயத்தில் எல்லையில் ரோந்து போன வண்டி ஒன்றைக் குண்டு வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதிலிருந்த வீரர்கள் இறந்துபோனார்கள். ஆளும் கட்சித் தலைவர் ஒரு மைதானத்தில் நின்று, பதில் சொல்லாமல் விடமாட்டோம் என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. கைதட்டல் வாங்கிய வார்த்தையை ஓட்டு விழும் வரை யார் திரும்ப எடுப்பார்கள்?

அன்றைக்கு மத்தியானம் மகன் பேசினான். அக்கா எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிய காது போனைத் தாங்காது.

“அம்மா, இங்க இருக்கறவனுக்குத் தேர்தல் தேதிய யாரும் சொல்ல வேணாம். குண்டுச் சத்தத்த வெச்சே கண்டுபிடிச்சிருவோம்” என்று சிரித்தான். “அந்தப் பக்கமும் அடுத்து ஓட்டு வருதாம். அவனுங்களும் சும்மா இருக்க மாட்டானுங்க.”

“உன் லீவு என்னாச்சு?”

“கையெழுத்து ஆயிருச்சும்மா. அடுத்த மாசம் வந்துருவேன். பதிலடி கிதிலடின்னு மேல முடிவு பண்ணாத வரைக்கும் லீவு லீவுதான். பண்ணிட்டா எல்லாம் ரத்து. எங்க கம்பெனிதான் முன்னால நிக்கும்.”

“சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

அவ்வளவுதான் பேச்சு. அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டார். மேலே முடிவு பண்ணாத வரைக்கும் என்று அவன் சொன்னது எனக்கும் காதில் நின்றது. மேலே இருப்பவர்கள் எதை வைத்து முடிவு பண்ணுவார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த வாரமே தெரிந்துவிட்டது.

புதுக் கேள்விகளோடு வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒரு ஆள் வந்தார். யார் வாடிக்கையாளர் என்பதை எங்களிடம் சொல்லமாட்டார்கள். ஆனால் வந்தவருக்காக முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டதில் ஆளும் கட்சிதான் என்று புரிந்துபோயிற்று. எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக் கேள்விகள் வந்தால் ஒத்திகை பார்ப்போம். ஒருவர் கேட்க, இன்னொருவர் தன் சொந்த எண்ணிலிருந்து ஊராரைப் போலப் பதில் சொல்ல, கூடமே சுற்றி நின்று கேட்கும். எங்கே நாக்குப் பிறழ்கிறது, எங்கே மெஷின் தகராறு செய்கிறது என்று பார்ப்பதற்காக. ஒத்திகைப் பதில்களைப் பிறகு கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி அழித்துவிடுவான். அன்றைக்குக் கேட்டவள் நான். பதில் சொல்ல அக்காவை உட்கார வைத்தார்கள். சூப்பர்வைசர் வந்தவர் காதில், “இந்தம்மா பையன் பட்டாளத்துல இருக்கான் சார்” என்று பெருமையாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

முதல் கேள்வி வடிகட்டி. “உங்கள் குடும்பத்தில் யாராவது ராணுவத்தில் பணிபுரிகிறார்களா?”

ஆம் என்றால் பேட்டி அங்கேயே முடிந்துவிடும், மெஷின் மேலே போகாது. ஒத்திகை நடக்க வேண்டுமே என்று அக்கா, “இல்லை” என்றார். கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நம் வீரர்களைக் கொன்றவர்களுக்கு அரசு ராணுவ ரீதியாகப் பதிலடி கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?”

கூடம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. வந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஆம்.”

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். நான் அடுத்ததைப் படித்தேன். “அதில் நம் வீரர்கள் சிலர் உயிரிழக்க நேர்ந்தாலும் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?”

அக்கா என்னைப் பார்த்தார். “இன்னொரு தடவ படி.”

படித்தேன். விதி அதுதான்.

“ஆம்” என்றார், அதே பச்சைத்தண்ணிக் குரலில்.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“வேற என்னடி சொல்றது? புள்ளையப் பட்டாளத்துக்கு அனுப்பிட்டு அத்தன பேர் நடுவுல வேணாம்னு சொன்னா நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேப்பாங்க. ஒத்திகைதானே. அழிச்சிருவான்.”

குழாயை மூடிவிட்டு, இருக்கைக்குப் போய்விட்டார். எனக்கு வருத்தம்தான், ஆனால் கோபம் வரவில்லை. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிக்கொடுத்தே வளர்த்தவர்கள் நாம். ஆள் பார்க்கும்போது ஒரு பதில், தனியாக இருக்கும்போது ஒரு பதில். தனியாக இருக்கும்போது சொல்லும் பதிலைக் கேட்கத்தான் எந்த மெஷினும் இல்லை.

மறுநாளிலிருந்து ஊராருக்குப் போட்டோம். ஓர் அம்மா போனை வாயிலிருந்து எடுக்காமலே உள்ளே திரும்பி, “என்னங்க, அடிக்கணுமான்னு கேக்கறாங்க” என்று கத்தினார். உள்ளேயிருந்து, “அடிக்கணும்னு சொல்லு, அடுப்பப் பாரு” என்று பதில் வந்தது. இன்னொருவர், “இதுக்கெல்லாம் கேக்கணுமா? இந்நேரம் அடிச்சிருக்க வேணாமா?” என்று என்னைத் திட்டினார், நான்தான் பட்டாளத்தைப் பிடித்து வைத்திருப்பதுபோல. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்ற பழமொழியைச் சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். கண்ணாடி அறை பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் உயிரிழக்க நேர்ந்தாலும் என்ற அடுத்த கேள்விக்கு அதே ஆட்களின் குரல் இறங்கியது. “அது... பாத்துப் பண்ணணும்மா” என்றார்கள். “பாவம் சின்னப் பசங்க” என்றார்கள். திட்டினவர்கூட, “அப்படின்னா வேற வழி ஏதாவது பாக்கட்டும்” என்றார். சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது பதிலடிக் கேள்விக்கு ஆம் சொன்னவர்களில் பாதிப் பேர் இந்த அடுத்ததில் கழன்றுகொண்டிருந்தார்கள். அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குக் கிளம்பும்போது, “நம்ம ஜனங்க அவ்வளவு மோசமில்லடி” என்றார். அவர் முகம் தெளிந்திருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் காலையில் அந்த ‘உயிரிழக்க நேர்ந்தாலும்’ கேள்வி திரையில் இல்லை. வந்த ஆள் காரணம் சொல்லியனுப்பியிருந்தார்: கேள்விகள் நீளம், மக்கள் சலித்துப்போகிறார்கள்.

வடிகட்டியை மட்டும் எடுக்கவில்லை. ஒரு பெரியவர் அக்காவின் லைனில் மாட்டினார். “என் தம்பி பையன் இருக்கான்மா பட்டாளத்துல. நான் சொல்றத எழுதிக்கோ” என்று ஆரம்பித்தார். திரையில், நன்றி கூறி முடிக்கவும் என்று வந்தது. “உங்கள் நேரத்துக்கு நன்றி” என்றார் அக்கா. “இரும்மா, இன்னும் சொல்லவே இல்லையே” என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. அக்கா எழுந்து கண்ணாடி அறைக்குப் போய், எதற்காக இவர்களை விடுகிறோம் என்று கேட்டார். அவர் எழுந்துபோய்க் கேள்வி கேட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அவங்க ஒரு பக்கமாப் பேசிருவாங்கம்மா. கணக்கு சாஞ்சிரும்” என்றார் சூப்பர்வைசர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர்களைக் கேட்காதே என்பது எங்கள் தொழிலின் விதி.

நான் மெதுவாக, “அக்கா, உங்க விரல்தானே, நாலஞ்சு எடத்துல ‘இல்ல’ய அழுத்திட்டுப் போங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?” என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

“அவங்க சொன்னதத்தான் அழுத்துவேன்” என்றார். “நான் இஷ்டத்துக்கு அழுத்தினா, அவன் இஷ்டத்துக்குக் கேள்வியத் தூக்கினான், அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

நாடே பதிலடி கேட்கிறது என்று பத்திரிகைகளில் முதல் பக்கத்தில் வந்தது. எங்கள் கணக்குத்தான். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஒன்றாகி நின்றதில் கூத்தாடிக்கு இன்னும் கொண்டாட்டம். விமானங்கள் போய்க் குண்டு போட்டுவிட்டு வந்தன. அக்காவின் வீட்டுக்காரர் டிவி முன்னால் நின்று விசிலடித்தாராம். “இப்பத்தான் புத்தி வரும்” என்று மாடிப்படியில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாராம். மகன் ஒரே ஒரு தடவை பேசினான், சுருக்கமாக. லீவு ரத்து, முன்னால் போகிறோம், சிக்னல் இருக்காது, அப்பாவிடம் சொல்லிவிடு. அந்தப் பக்கத்திலும் மைதானங்கள் இருந்தன, கைதட்ட ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலில் அவன் போய்விட்டான்.

செய்தி சொல்ல இரண்டு பேர் சீருடையில் வீட்டுக்கு வந்தார்களாம். அக்காவுக்கு விடுமுறை நாள். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர்கள் சொன்னதை முழுக்க நின்று கேட்டிருக்கிறார். அவர்கள் முடித்ததும், “உங்கள் நேரத்துக்கு நன்றி” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம். பக்கத்து வீட்டு அம்மாள் இதை எங்களிடம் சொல்லிவிட்டு, “பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு பயந்துட்டோம்” என்றார். எங்களுக்குப் பயமாக இல்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்த யாராயிருந்தாலும் வாயில் அதுதான் வந்திருக்கும்.

நாங்கள் போனபோது வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். வீட்டுக்காரர் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அக்கா எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். அழுவாரென்று எதிர்பார்த்துப் போனோம், அழவில்லை. நான்தான் அழுதேன்.

தேர்தலுக்கு முன்னால் இரண்டாம் சுற்று வந்தது. அக்கா இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. முதல் சுற்றில் பேசினவர்களையே திரும்பக் கூப்பிட்டு, எண்ணம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரையில் ஆள் பெயர் வராது. மெஷின் ஓர் எண்ணைச் சுழற்றியது, மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். “வணக்கம், நாங்கள் மக்கள் கருத்துக் கணிப்பு...” என்று நான் படிக்க ஆரம்பித்தேன்.

“வாயாடியா?” என்றது குரல்.

அக்காவின் குரல்.

“என் நம்பர் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். எனக்கு முன்னால் அவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார். தொழில் தெரிந்தவர் இல்லையா. “அன்னைக்கு ஒத்திகைய அழிக்கல. அப்ப நான் சொன்னதும் கணக்குல சேந்துருச்சு.”

“அக்கா, நான் வெச்சிடறேன்க்கா. ஆள் எடுக்கலன்னு போட்டுக்கறேன்.”

“வெக்காத. வரிசையாக் கேளு.”

“அக்கா...”

“கேளுடி.”

திரையில் வடிகட்டி நின்றுகொண்டிருந்தது. நான் படித்தேன். “உங்கள் குடும்பத்தில் யாராவது ராணுவத்தில் பணிபுரிகிறார்களா?”

“இல்லை” என்றார்.

மெஷின் ஏற்றுக்கொண்டது. எனக்குக் கண்ணில் எழுத்துத் தெரியவில்லை. அக்கா காத்திருந்தார், பிறகு, “அடுத்தது” என்றார்.

“அரசு எடுத்த ராணுவ நடவடிக்கை சரியானது என்று நினைக்கிறீர்களா, தவறானது என்று நினைக்கிறீர்களா?”

பின்னால் டிவி இல்லை, ஆள் பேச்சு இல்லை. தனியாகத்தான் இருந்தார் போலும்.

“தவறு. அழுத்திட்டியா?”

“அழுத்திட்டேன்க்கா.”

மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர். எத்தனை பேர் என்று கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

நான் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் தம்பியிடம் போனேன். அவன் தேடிப் பார்த்து, ஆமாம், ஒத்திகைப் பதிவு ஒன்று உள்ளே போய்விட்டது என்று சூப்பர்வைசரிடம் சொன்னான். அப்படியானால் அதிலிருக்கும் ‘ஆம்’ என்ற பதிலை எடுங்கள் என்றேன்.

“அந்த அறிக்கை எப்பவோ போயிருச்சும்மா, பேப்பர்லயே வந்துருச்சு. அத என்ன பண்றது?” என்றார் சூப்பர்வைசர். “இந்த ரெண்டாவதத்தான் செல்லாததாக்கணும். வீட்டுல சாவு நடந்த ஆள வேற கேட்டிருக்கோம். கணக்கு சாஞ்சிரும்.”

என் கண்ணெதிரே அழித்தார்கள். ஆயிரக்கணக்கான பதில்களில் ஒன்று, அதனால் எதுவும் மாறியிருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊருக்காகச் சொன்ன பொய் அச்சில் ஏறிவிட்டது. தனக்காகச் சொன்ன ஒரு உண்மைக்கு இடமில்லை. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆளும் கட்சி ஜெயித்தது, எங்கள் கணக்கு சொன்ன அளவுக்கே. முதலாளி எல்லாருக்கும் கேக் வெட்டினார். அதற்கடுத்த வாரம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து கை குலுக்கினார்கள். டிவியில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அக்கா வேலைக்கு வந்துவிட்டார். அதே ஜன்னலோரம், அதே ஸ்வெட்டர். குரலில் ஏதாவது மாறியிருக்கும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஒரு டூத்பேஸ்டைப் பற்றி ஊராரிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்குப் பரம திருப்தி.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் போன் அடித்தது. மகனோடு ஒரே கூடாரத்தில் இருந்த பையன். வீட்டுக்கு வர லீவு கிடைக்கவில்லை, அதனால் போனில் பேசுகிறேன் என்றான். சின்னக் குரல். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். தன் ஷூவை அக்கா மகன் மாட்டிக்கொண்டு போய்விடுவான் என்று ஏதோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“சாப்பிட்டியாப்பா?” என்றார் அக்கா.

“சாப்பிட்டேன்மா.”

“இப்ப அங்க எப்படி இருக்கு?”

“அமைதியா இருக்கும்மா. ஒரு சத்தம் கெடையாது. ரெண்டு பக்கமும் வெளிய வந்து துணி காயப்போடறோம். நல்லாத் தூங்கறோம்...” என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “மன்னிச்சுக்கங்கம்மா” என்றான்.

அக்கா டிபன் பாக்ஸ் மூடியை எடுத்து மூடினார்.

“எதுக்குப்பா மன்னிப்பு? தூங்கு” என்றார், கேள்வி படிக்கிற அதே குரலில். “அடுத்த தேர்தல் வர்றதுக்குள்ள நல்லாத் தூங்கிக்கோ.”